சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஒரு சந்தை

பொதுமக்கள் தொடர்பு ஆலோசகர்கள் என்ற பெயரைக் கேட்டாலே அப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கட்டடத்துக்கு வரைபடம் வேண்டும், கம்பி வேண்டும், சிமென்ட் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். நடுவில் மைக்கையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு இவர்கள் எதற்கு என்று ஆபீசில் வாய் ஓயாமல் பேசியவன் நான். பெயர் ஹரிஹரன். சொந்த ஊர் திருக்கழுக்குன்றம். செங்கல்பட்டில் ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில் பதினான்கு வருடமாகப் பொறியாளன். வேலங்கரணை காய்கறிச் சந்தைக்கு வரைபடம் போட்டது நான்தான். அதைத் திருத்தியது தாமோதரன் மேஸ்திரி. அவரைப் பற்றி யாராவது எழுதினால் நன்றாயிருக்கும் என்று நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

அச்சரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுத் திரும்பி ஆறு கிலோமீட்டர் போனால் வேலங்கரணை. தாமோதரனின் அப்பாவுக்கு அங்கே ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நிலம். ஏரி நிரம்பினால் ஒரு போகம், நிரம்பாவிட்டால் அதுவும் இல்லை. மூன்று வருடம் தொடர்ந்து ஏரி காலை வாரிய பிறகு, பதினேழு வயதில் தாமோதரன் கல்பாக்கம் குடியிருப்பில் கலவை சுமக்கப் போனார். நாலு வருடத்தில் கொத்தனார், பத்து வருடத்தில் மேஸ்திரி. இப்போது ஐம்பத்து மூன்று வயது. கையில் எட்டு ஆட்கள், ஒரு பழைய டி.வி.எஸ். மொபெட், காதில் எப்போதும் ஒரு பென்சில்.

பூச்சு வேலையில் அவரைவிடக் கைகாரர்கள் உண்டு. ஆனால் மார்க்கிங் என்று வந்துவிட்டால் மதுராந்தகம் வட்டாரத்தில் அவரைத்தான் தேடுவார்கள். மார்க்கிங் என்றால், வீட்டுக்குக் கடக்கால், அதாவது அஸ்திவாரக் குழி, வெட்டுவதற்கு முன் மனையில் நூல் கட்டி, சுவர் வரப்போகிற இடத்திலெல்லாம் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவது. மூன்றடி, நாலடி, ஐந்தடி என்று முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று அவரிடம் இருந்தது. அதை வைத்து மூலையைச் சரிபார்த்தார் என்றால் பிறகு எந்தக் கருவியைக் கொண்டுவந்தாலும் நூல் பிசகாது. மதுராந்தகத்தில் நான் வரைந்த ஒரு வீட்டுக்கு அவர் மார்க்கிங் போட வந்தபோதுதான் முதல் அறிமுகம். கயிற்றை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "சார், உங்க கோடு நேரா கீது. மனைதான் கோணலா கீது" என்றார். அளந்து பார்த்தால் ஒரு பக்கம் ஏழு அங்குலம் குறைவு. வீட்டுக்காரர் முன்னால் மூக்குடைபட்டு நின்றேன். அவர் அதைப் பெரிதுபடுத்தாமல் டீ சொல்லி அனுப்பினார்.

கோடு போட்டதும் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு உள்ளே நடக்க விடுவது அவர் வழக்கம். வாசல் என்று விட்டிருக்கும் இடைவெளி வழியாகத்தான் நுழைய வேண்டும், கோட்டைத் தாண்டக் கூடாது. அந்த வீட்டுப் பெண்ணைத்தான் முதலில் விடுவார். "இங்க அடுப்பு, இங்க தொட்டி, நின்னு பாரும்மா, கை எட்டுதா?" என்று கேட்டுக் கேட்டு நூலை அரை அடி இப்படி, கால் அடி அப்படி நகர்த்துவார். அநேகமாக எல்லாப் பெண்களும் முகம் வாடிப்போய், இவ்வளவு சின்னதாகவா இருக்கிறது என்பார்கள். வெட்டவெளியில் போட்ட கோடு சின்னதாகத்தான் தெரியும். மேலே வானமும் சுற்றிலும் காடும் மேடும் இருக்கும்போது பத்துக்குப் பத்து அறை ஒரு பாய் அகலம்தான் தோன்றும். "செவுரு ஏறட்டும்மா, பெருசாயிடும்" என்று சொல்லி ஒவ்வொருவரையும் தேற்றி அனுப்புவார். சொன்னபடி பெரிதாகவும் ஆகிவிடும்.

வேலங்கரணை சந்தைக்கு வருகிறேன். நாற்பது வருடத்துக் கொட்டகை. காரை பெயர்ந்து விழுந்து ஒருவருக்கு மண்டை உடைந்தது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட நிதி வந்தது. ஒரே நிபந்தனை, உள்ளே வியாபாரம் செய்யும் நாற்பத்திரண்டு பேரும் தற்காலிக இடத்துக்கு மாறச் சம்மதித்து மார்ச் மாதம் முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் நிதி வேறு ஊருக்குப் போய்விடும்.

நாற்பத்திரண்டு பேரும் பெண்கள். அவர்களில் தாமோதரனின் மனைவி வேண்டாவும் ஒருவர். நாலாவது பெண்ணாகப் பிறந்ததால் வீட்டார் வைத்த பெயர் அது. அந்தப் பெயரை வைத்தவர்கள் இப்போது சந்தைக்கு வந்து பார்த்தால் வாயடைத்துப் போவார்கள். இருபத்து இரண்டு வருடமாகக் கொட்டகையின் மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீரையும் காயும் விற்று, மூத்த பெண் ஸ்வாதியை நர்சிங் படிக்க வைத்தார். இளையவள் சிநேகா செங்கல்பட்டில் கல்லூரி முதல் வருடம். மேஸ்திரி கூலி மழைக்காலத்தில் நின்றுவிடும். வேண்டாவின் தூணடி நிற்காது. அந்த இடம் கைவிட்டுப் போனால் சிநேகாவின் படிப்பு பாதியில் நிற்கும். இது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பக்கத்து ஊரில் பஸ் நிலையம் கட்டியபோது மூன்று மாதம் என்று சொல்லிப் பூக்காரிகளை வெளியே அனுப்பினார்கள். அவர்கள் இன்றும் ரோட்டோரம் வெயிலில்தான் இருக்கிறார்கள். அதைப் பார்த்தவர்கள் எப்படிக் கையெழுத்துப் போடுவார்கள்?

அவர்களைச் சம்மதிக்க வைக்கத்தான் ஆலோசகர்கள் வந்தார்கள். தலைமை கிருஷ்ணபிரசாத். கோட் போடாத குறைதான், மற்றபடி முழு மாநாட்டு ஆள். களத்தில் வேலை பார்த்தது மேக்னா என்ற பெண். இருபத்தெட்டு வயது, சென்னையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனாள். காலையில் சந்தைக்கு வந்து வேண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். "அக்கா, உங்களுக்கு என்ன வேணும், எப்படி இருந்தா வசதி?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வாள். கேட்டுக்கேட்டு ஒரு நோட்டு தீர்ந்தது. கீரைக் கட்டு கட்டக் கற்றுக்கொண்டதுதான் மிச்சம். என்ன வேண்டும் என்று சொல்ல அவர்களுக்கே தெரியவில்லை. இல்லாத கட்டடத்தில் என்ன குறை சொல்வார்கள்?

கருத்துக்கேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. பெரிய திரை கட்டி, நான் கம்ப்யூட்டரில் செய்த படத்தைப் போட்டுக் காட்டினோம். பளபளவென்று தரை, வரிசையாக மேடைகள், பேன்ட் போட்ட சிவத்த ஆட்கள் தள்ளுவண்டியோடு காய் வாங்குகிறார்கள். அந்த மென்பொருளில் கிடைத்த மனிதர்கள் அவ்வளவுதான், நான் என்ன செய்ய. பெண்கள் சினிமா பார்ப்பது போலப் பார்த்தார்கள். கொடுத்த தாளில் 'மிக நன்று' என்ற கட்டத்தில் டிக் போட்டார்கள். கிருஷ்ணபிரசாதுக்கு வாயெல்லாம் பல். பிறகு சம்மதக் கடிதத்தை எடுத்து நீட்டினால் ஒரு கை நீளவில்லை.

வேண்டாதான் எழுந்து பேசினார். "படம் நல்லாத்தான் கீது. அதுல நாங்க எங்க கீறோம்?"

முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கத் திரையை அணைத்தேன். மண்டப வாசலில், மனைவியை அழைத்துப்போக வந்த தாமோதரன் மொபெட் சாவியோடு நின்றுகொண்டிருந்தார். கூட்டம் கலைந்ததும் உள்ளே வந்தார்.

"ஒரு சேதி சொல்லட்டா சார்? வூடு கட்றவன் மார்க்கிங் போட்டு, உள்ள நடந்து பாத்துட்டுதான் கடக்கால் வெட்டுவான். சந்தைக்கு மட்டும் இன்னாத்துக்கு சினிமா? தரையில போட்டுக் காட்டுங்க."

"முழுச் சந்தையையுமா?" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது.

"எடம் குடுங்க, சுண்ணாம்பு குடுங்க. உங்க பேப்பர்ல கீறது ஒரு அங்குலம் கொறையாம போட்டுத் தரேன்."

மேக்னா ஏற்கெனவே நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். "நடந்து பார்க்கலாம்ல அண்ணா? உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று கேட்டாள். எனக்கு அப்போதும் புரியவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஏரிக்கரைக்குக் கீழே உள்ள விளையாட்டுத் திடலை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கினாள். கிரிக்கெட் போட்டிகளுக்கு நடுவில் ஒரே ஒரு தேதிதான் கிடைத்தது. சந்தோஷமாக வந்து தேதியைச் சொன்னாள். தாமோதரன் தலையைச் சொறிந்தார்.

"அன்னிக்கு மாசி அமாவாசைம்மா. எங்காளுங்க ஒருத்தனும் கொத்துக் கரண்டியத் தொட மாட்டான்."

எங்கள் பக்கம் கட்டட வேலைக்காரர்களுக்கு அமாவாசைதான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமைகூட வேலை நடக்கும், அமாவாசையில் நடக்காது. இது சென்னைப் பெண்ணுக்குத் தெரியாமல் போகலாம். எனக்குத் தெரியும். தேதியைச் சொன்னபோதே தெரியும். ஆலோசகர்கள் தாமாகவே கவிழட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். பெருமைப்படத் தகுந்த காரியம் ஒன்றும் இல்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

மேக்னாவின் முகம் சுருங்கியதைப் பார்த்து தாமோதரன் கொஞ்சம் யோசித்தார். "கரண்டி வேணாம், மட்டப்பலகை வேணாம். நூலும் சுண்ணாம்பும்தான? அது வேலைல சேராது. நானும் எங்கிட்ட நூல் புடிக்கிற ஜான்சனும் போட்டுக்குறோம். அவனுக்கு அமாவாச கெடையாது. ஆனா லீவு மட்டும் கேப்பான்."

அன்று விடியும்போதே இருவரும் திடலில் இருந்தார்கள். நான் பத்து மணிக்குப் போனபோது என் வரைபடம் தரையில் கிடந்தது. முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசை, வரிசைக்கு இருபத்தொரு கட்டம். ஒவ்வொன்றும் ஆறடி அகலம், ஐந்தடி ஆழம். நடுவில் இரண்டு வரிசைக்கும் பொதுவான இடுப்புயரச் சுவர், பக்கத்துக்குப் பக்கம் முழங்கால் உயரத் தடுப்பு. தடுப்புகள் எல்லாம் என் மூளை, எல்லைச் சண்டை வரக் கூடாது என்று வைத்தேன். டேப்பை வைத்து அங்கங்கே அளந்தேன். ஓரிடத்தில்கூடப் பிசகவில்லை. பிசகியிருந்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு சின்ன ஆசை இருந்தது உண்மை.

அமாவாசை என்றால் சந்தையில் வாழைக்காயும் பூசணியும் அகத்திக்கீரையும் பறக்கும். இரண்டு மணிக்கெல்லாம் அநேகமாக விற்றுத் தீர்த்துவிட்டு, மடித்த தார்ப்பாயும் காலிக் கூடையும் தலையில் வைத்தபடி நாற்பத்திரண்டு பேரும் நேராகத் திடலுக்கு வந்தார்கள். நல்ல வியாபாரம் ஆன சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டு வந்தவர்கள், கோடுகளைப் பார்த்ததும் நின்றார்கள்.

"இது இன்னாது, கோழிக் கூண்டா?" என்றார் வேண்டா.

அவ்வளவுதான். தக்காளி விற்கும் தமிழ்ச்செல்வி, இதில் தன் கூடை உட்காருமா தான் உட்காருவதா என்று கேட்டார். ஆளாளுக்குப் பேசினார்கள். இருக்கிற இடத்தையும் பிடுங்கத்தான் இத்தனை நாடகம் என்று ஒரு குரல். நான் டேப்பை நீட்டி ஆறடியைக் காட்டினேன். "டேப்பு உங்க டேப்பு" என்றார்கள். கிருஷ்ணபிரசாத் நிழலில் நின்று போனில் யாரிடமோ, அளவு குறித்துச் சிறு அதிருப்தி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தாமோதரன் சுண்ணாம்புச் சட்டியோடு சிலையாக நின்றார். வீட்டு மார்க்கிங்கில் ஒரு பெண், ஒரு பேச்சு. கோடு சின்னதாகத் தெரியும் என்று அவள் காலை வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். இங்கே நாற்பத்திரண்டு பேர் ஒரே மூச்சில் வந்ததில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல மறந்துவிட்டார். முப்பது வருடத் தொழிலில் சொல்லாமல் விட்டது அந்த ஒரு நாள்தான். இப்போது சொன்னால் சாக்கு என்பார்கள். அதுவும் முன்னால் நிற்பவர் சொந்த மனைவி.

சட்டியைக் கீழே வைத்துவிட்டு வேண்டாவிடம் போனார். "உன் தார்ப்பாய இதுல விரி."

"நீ யாரு பக்கம்யா? வூட்டுப் பக்கமா, ஆபீசு பக்கமா?"

"விரிச்சிட்டு அப்புறம் திட்டு."

வேண்டா கட்டத்துக்குள் போய்த் தார்ப்பாயை உதறி விரித்தார். இருபத்து இரண்டு வருடமாகத் தூணடியில் தினமும் விரித்து மடிக்கிற தார்ப்பாய், அவர் சரக்கும் அவரும் அதற்குள்தான். அது கட்டத்துக்குள் படுத்தது. அகலத்தில் ஒரு அடி மிச்சம், ஆழத்தில் ஒரு அடி மிச்சம். அவர் நம்பவில்லை. நுனியைப் பிடித்து இழுத்துச் சுருக்கம் எடுத்துப் பார்த்தார். மிச்சம் அப்படியே இருந்தது. எழுந்து சுற்றிப் பார்த்தார்.

"ஏய் தமிழு, நீ விரி."

தமிழ்ச்செல்வி விரித்தார். பிறகு அடுத்தவர். கால் மணி நேரத்தில் நீலமும் மஞ்சளும் கறுப்புமாக நாற்பத்திரண்டு தார்ப்பாய்கள். ஒன்றுகூடக் கோட்டுக்கு வெளியே போகவில்லை. சத்தம் தானாக அடங்கியது. நான் என் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன்.

மேக்னா அப்போதுதான் சொன்னாள். "அக்கா, எல்லாரும் வியாபாரத்துக்கு உட்கார்ற மாதிரி உட்காருங்களேன். இருக்கிற காயை வைங்க."

விற்காமல் தங்கிய காயை எடுத்து முன்னால் பரப்பினார்கள். வேண்டாவிடம் நாலு கட்டு கீரையும் கொஞ்சம் கொத்தவரங்காயும் இருந்தன. பரப்பிய விதத்தைப் பார்த்தால் சும்மா காட்டுவதற்கு வைத்த மாதிரி இல்லை, நுனிக் கீரை வாங்குபவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். முகப்பில் மிச்சமிருந்த இடத்தைக் காலிக் கூடைகளால் கோட்டுக்குக் கோடு நிரப்பினார். பின்கோட்டுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நான் போய் ஒரு கட்டுக் கீரை வாங்கினேன். பத்து ரூபாய். பேரம் பேசிப் பார்த்தேன், குறைக்கவில்லை.

வெயில் சுள்ளென்று இருந்தது. திடல் ஓரத்தில் தண்ணீர்க் கேன் வைத்திருந்தோம். வேண்டா தண்ணீர் குடிக்க எழுந்தார். எழுந்து நின்றவர் அப்படியே நின்றார்.

"வாங்கக்கா" என்றாள் மேக்னா.

"எப்டி வர்றது?"

முன்னால் காய். பின்னால் இடுப்புயரச் சுவர் என்று போட்ட கோடு. இரண்டு பக்கமும் தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் காய். வேண்டா நாலு திக்கும் பார்த்தார்.

"காயைத் தாண்டி வாங்களேன்" என்றேன் நான்.

திடலில் இருந்த அத்தனை பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

"யாவாரப் பொருள காலால தாண்டுவாங்களா சார்? உங்க வூட்ல சோத்துத் தட்டத் தாண்டுவீங்களா?" என்றார் வேண்டா.

எங்கள் வீட்டில் புத்தகத்தைத் தாண்டினாலே அம்மா தொட்டுக் கும்பிடச் சொல்வார். இவர்கள் விற்கிற பொருளைத் தாண்டுவார்களா என்று யோசிக்காமலேயே மூன்று பக்கம் சுவர் எழுப்பி நாலாவது பக்கம் காய் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பழைய கொட்டகையில் தூணுக்குப் பின்னால் சந்து உண்டு. டீ குடிக்க, கழிவறைக்கு, மூட்டை வாங்க எல்லாம் அந்த வழிதான். பதினொரு முறை அந்தச் சந்தையை அளந்திருக்கிறேன். தூணுக்குப் பின்னாலிருந்த அந்தச் சந்து வீண் இடம் என்று குறித்து வைத்தது என் கைதான்.

"முன்னால ஒரு அடி காய் வைக்காம வழி விட்டுக்கலாமே" என்று இழுத்தேன்.

"மொகப்புல ஒரு அடி போனா ஒரு கூட யாவாரம் போச்சு சார்."

"சரி, இப்ப வெறும் கோடுதானே வேண்டாக்கா. பின்னால தாண்டி வந்து தண்ணி குடிங்க" என்றேன்.

"நாளைக்கு இது செவுரு. இன்னிக்குத் தாண்டிட்டா நாளைக்கும் தாண்டிடுவேனா?" வேண்டா மறுபடி உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். மூன்று மணி வெயிலில், ஒரு செங்கல்கூட இல்லாத வெட்டவெளியில், நாற்பத்திரண்டு பேர் சுண்ணாம்புக் கோட்டுக்குள் அடைபட்டு இருந்தார்கள். யாரும் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வெட்கமாக இருந்தது. இதைக் கட்டி முடித்து, திறப்பு விழாவும் நடத்தி, ரிப்பன் வெட்டிய பிறகு அல்லவா தெரிந்திருக்கும். அப்புறம் ஒவ்வொருவராக ரோட்டோரத்துக்குப் போயிருப்பார்கள். பூக்காரிகள் ஏன் ரோட்டோரத்தில் இருக்கிறார்கள் என்று அன்றைக்கு எனக்கு லேசாகப் புரிந்தது.

கிருஷ்ணபிரசாத் என் பக்கத்தில் வந்து, இதை ஒரு சிறிய பரிந்துரையாகக் குறித்துக்கொண்டு கையெழுத்தை வாங்கிவிடலாமே என்றார். மேக்னா அவரைப் பார்த்து, "சார், அவங்களால எழுந்து வரவே முடியலை" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அவர் போனை எடுத்துக்கொண்டு மறுபடி நிழலுக்குப் போனார். அந்த நிமிடத்திலிருந்து இந்த வேலைக்கு இவர்கள் எதற்கு என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

தாமோதரன் பின்கோட்டு ஓரமாக வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "நடு செவுர எடுத்துட்டு ரெண்டடி சந்து வுட்டா?" என்று என்னிடம் கேட்டார்.

"மொத்த அகலம் கூட்ட முடியாது மேஸ்திரி. இடம் அவ்வளவுதான். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு அடி போகும். ஐந்து நாலாகிவிடும்." கோழிக் கூண்டு என்று சண்டை போட்டு ஒரு மணி நேரம் ஆகவில்லை. அதில் இன்னும் ஒரு அடி வெட்டுவதா?

தாமோதரன் மனைவியைப் பார்த்தார். வேண்டா தார்ப்பாயின் பின்நுனியைப் பார்த்தார், அதற்கும் கோட்டுக்கும் நடுவில் இருந்த ஒரு அடி மண்ணைப் பார்த்தார். தார்ப்பாய் அளவுக்கு மேல் கிடைத்த அந்த ஒரு அடியில் இன்னும் இரண்டு கூடை வைக்கலாம். அவர் அதைக் கணக்குப் போட்டிருப்பார், சந்தேகமே இல்லை.

"என் கட்டத்துல ஒரு அடி எடுத்துக்க" என்றார்.

எதிர் வரிசையில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த தமிழ்ச்செல்வி திரும்பினார். "அவ குடுத்தா நான் குடுக்காம இருப்பனா? எனுதுலயும் எடு."

அதன் பிறகு ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் ஒரு குரல். ஒருவர் மட்டும் அரை அடிதான் தருவேன் என்று கொஞ்ச நேரம் பிடிவாதம் பிடித்தார். பக்கத்துக் கட்டத்துக்காரர் காதில் ஏதோ சொன்னதும் சரி என்றார். தாமோதரன் பழைய கோட்டைக் கையால் கலைத்தார். காலால் கலைத்தால் சீக்கிரம் முடிந்திருக்கும், அந்தப் பெண்கள் முன்னால் அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. ஜான்சன் நூலைப் பிடிக்க, இரண்டு வரிசைக்கும் நடுவில் இரண்டடி விட்டு இரண்டு புதுக் கோடு போட்டார். ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் ஒரு வாசல் இடைவெளி விட்டார்.

வேண்டா எழுந்தார். கீரையை ஒரு காலிக் கூடையால் மூடிவிட்டு, பின்வாசல் வழியாகச் சந்தில் இறங்கி, கோட்டில் கால் படாமல் கடைசி வரை நடந்து வெளியே வந்து, தண்ணீர்க் கேனிடம் போய் இரண்டு டம்ளர் குடித்தார். அவர் பின்னால் ஒவ்வொருவராக அந்தச் சந்து வழியாகவே வந்தார்கள். நடுவில் தாண்டிப் போனவர் ஒருவரும் இல்லை.

மேக்னா சம்மதக் கடிதங்களை எடுத்தாள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்த மாற்றத்தை என் கையால் வரைபடத்தில் எழுதித் தேதி போடச் சொன்னார்கள் பெண்கள். போட்டேன். பிறகு வேண்டா பேனாவை வாங்கினார். வாங்கியவர் உடனே போடவில்லை. கணவர் பக்கம் திரும்பினார்.

"நாலு மாசமா இந்தப் பொண்ணு எனக்கு இன்னா வேணும்னு கேட்டுகினே கீது. ஏன்யா, நம்ம வூட்டக் கட்டி பதினெட்டு வருசம் ஆவுது. ஊர்ல கீற பொம்பளைங்கள எல்லாம் உள்ள வுட்டு, நின்னு பாரும்மா, கை எட்டுதான்னு கேட்ட. என்னிய ஒரு வார்த்த கேட்டியா? சமையக்கட்டுக்குப் பின்வாசல் இல்ல. பாத்திரம் வெளக்கற தண்ணிய பதினெட்டு வருசமா கூடத்து வழியாத்தான் தூக்கினு போறேன்."

கேலியாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. தாமோதரனின் இரண்டு கையிலும் சுண்ணாம்பு. அதை வேட்டியில் துடைத்தார்.

"கேக்கல" என்றார். "தப்புதான்."

வேண்டா கையெழுத்துப் போட்டார். முதல் கையெழுத்து அவருடையது. மற்ற நாற்பத்தொன்றும் ஆறு மணிக்குள் வந்துவிட்டன.

நிறுவனத்தில் என் மேலாளர் முணுமுணுத்தார், ஆனால் வரைபடத்தைத் திருத்திக் கொடுத்தோம், ஒப்புதல் கிடைத்தது. நிதி வேறு ஊருக்குப் போகவில்லை. சித்திரையில் கொட்டகையை இடித்தார்கள். பெண்கள் இப்போது தற்காலிக இடத்தில் தகரக் கூரைக்குக் கீழே புழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். எப்போது முடியும் என்று என்னைக் கண்ட இடத்திலெல்லாம் கேட்கிறார்கள். நாற்பத்திரண்டு கட்டத்துக்கும் தாமோதரன் ஆட்கள் தூண் ஏற்றிவிட்டார்கள். தீபாவளிக்குள் கூரை போட்டுவிடுவோம்.

போன அமாவாசையன்று சந்தைத் தூண் அளவு ஒன்றைக் கேட்க மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். கூடத்தில் யாரும் இல்லை. பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டது, சுற்றிக்கொண்டு போனேன். சமையல்கட்டின் கிழக்குச் சுவரில் சுண்ணாம்பால் ஒரு கதவளவு கோடு போட்டிருந்தது. தரையில் படிக்கு ஒரு கோடு. வேண்டா இடுப்பில் ஒரு அண்டாவை வைத்துக்கொண்டு படிக்கோட்டில் நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு சாண் இப்டித் தள்ளு. அண்டா இடிக்குது."

தாமோதரன் கோட்டைத் துடைத்துவிட்டுத் தள்ளிப் போட்டார். வேறு வீட்டுக்காரர் மூன்றாம் முறை கோட்டை மாற்றச் சொன்னால் அவர் பேச்சு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். சுவரில் துடைத்த தடங்களை எண்ணினேன், இது ஐந்தாவது. காதிலிருந்த பென்சிலை எடுத்து ஒரு புள்ளி வைத்தார், விலகி நின்றார்.

"இப்ப நின்னு பாரு" என்றார். "சரியா கீதா?"